சேந்து போட்ட கம்பி

வேண்டாம்மா, நீங்க சாப்பிடுங்க. கடலைமிட்டாய்லாம் நான் தொடுறதில்ல. பல்லுல கம்பி போட்டிருக்கேம்லா, கடிக்கக் கூடாது.

அடக் கடவுளே, என்ன சொல்லுதேன் பாருங்க. கம்பி ஏது இப்ப? இன்னைக்கி மத்தியானம்தான கழட்டிட்டு வாறேன். கோவில்பட்டி ஆஸ்பத்திரிப் படிய விட்டு இறங்கி இந்த பஸ் ஏறதுக்குள்ள மறந்துபோச்சு. வாய் பழகிட்டு. யாராவது எதையாவது நீட்டினா உடனே வேண்டாம்ங்கு. நாக்கு வேற சும்மா கிடக்க மாட்டேங்கு, பல்லத் தடவித் தடவிப் பாக்கு. என்னமோ அடுத்த வீட்டுக்காரி பல்லு மாதிரி இருக்கு.

சரி, குடுங்க. ஒண்ணு வாங்கிக்கிடுதேன். கையில இருக்கட்டும். திங்கதுக்கு இன்னும் மனசு வரல. நீங்களும் சங்கரன்கோவில்தான? கோமதியம்மனப் பாக்கவா? நல்லது. கழுகுமலை தாண்டவே இந்த வண்டி ஆடி அசைஞ்சுதான் போவும். சாயங்காலம் எனக்கு ஒரு போன் வரும். காலேஜ் விட்டதும் எம்மக கூப்பிடுவா. அதுக்கு முன்னால யாருகிட்டயாவது சொல்லித் தொலைக்கணும்னு இருந்துச்சு. இன்னைக்கி அவள நான் கேக்கப் போறேன். வரிசையா, ஒண்ணு விடாம கேக்கப் போறேன். நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டாம்மா அவ. வேற யாரும்னா விட்டுத் தொலைச்சிருப்பேன். பெத்த பிள்ள.

எம்பேரு உலகம்மா. கோயிலுக்குப் பின்பக்கம் தையக்கடை வச்சிருக்கேன். கடைன்னா வீட்டு முன்னறைதான். ஜாக்கெட்டு மட்டுந்தான் தைப்பேன். எங்க வீட்டுக்காரரு கரண்டு ஆபீசுல லைன்மேன். ஒரே பொண்ணு, நிவேதா. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்கா.

அவளுக்கு மேல்வரிசையில இடது பக்கம் ஒரு தெத்துப்பல்லு. சிரிச்சா அது மட்டும் முன்னால வந்து நிக்கும். அழகுதான், அதிர்ஷ்டம்தான்னு தெருவுல ஆளாளுக்குச் சொல்லுவாவ. அவளும் அதைக் கேட்டுக் கேட்டு கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பாத்துக்கிடுவா. எனக்கு மட்டும் அது பிடிக்காது. சொல்லுதவங்களுக்கு என்ன, அவங்க வீட்டுப் பல்லா? நாளைக்கு ஒருத்தன் பாக்க வந்து முகத்தச் சுளிச்சா எவ வந்து பதில் சொல்லுவா?

எனக்குத் தெரியும்மா அந்த வலி. என் பல்லு அப்படி. இப்பக் கொஞ்சம் உள்ள போயிருக்கு, முன்னால நீங்க பாத்திருக்கணும். உதடு மூடவே மூடாது. பள்ளிக்கூடத்துல தேங்காத் துருவின்னு பேரு வச்சிருந்தாளுவ. என் கல்யாண ஆல்பத்தப் பாத்தா ஒரு போட்டோவுலயும் நான் சிரிச்சிருக்க மாட்டேன். போட்டோக்காரன் ஒவ்வொரு தடவையும் "அக்கா, வாய மூடிக்கோங்க, அக்கா, வாய மூடிக்கோங்க"ன்னான். பாக்குதவங்க பிடிக்காம கட்டிவச்ச பொண்ணுன்னு நெனப்பாவ. அன்னைக்கி நான் எவ்வளவு சந்தோசமா இருந்தேன்னு எனக்குத்தான தெரியும்.

அதான் அவ பன்னெண்டாவது முடிச்ச லீவுல கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவகிட்ட கேக்கலியான்னு கேக்கீங்களா? பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்க? தடுப்பூசி போடும்போது கேட்டா போட்டோம்? டாக்டரு முன்னால உக்காந்துக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கா. "எம்பல்லு எனக்குப் பிடிச்சிருக்கு"ங்கா. டாக்டரு சின்னப் பையன், அவரு சிரிக்காரு. எனக்கு மானமே போச்சு. கடைசியில என்னத் திரும்பிப் பாத்து ஒரு வார்த்த சொன்னா. "உம்பல்லுதான் வெளிய துருத்திக்கிட்டு நிக்கி. நீ போட்டுக்கோ. நீ போட்டா நானும் போடுதேன்."

தப்பிச்சிரலாம்னு நெனச்சிருக்கா. அம்மா எங்க போடப் போறான்னு நெனச்சிருக்கா. நான் யாரு? "போடுங்க டாக்டர், எனக்குந்தான்"னேன். அவ மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போட்டோம். அடுத்தடுத்த நாற்காலி.

வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் உதடு மூடல. பஸ் ஸ்டாண்டுல இந்த மிட்டாய் விக்கிற கடை முன்னால நின்னுக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம் பாருங்க, அப்படிச் சிரிச்சோம். அங்க வச்சுத்தான் பேச்சு ஆச்சு. சேந்து போட்டோம், சேந்துதான் கழட்டணும். கழட்டுன அன்னைக்கி ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி, இதே இடத்துல நின்னு நறுக்கு நறுக்குன்னு கடிச்சுத் தின்னுட்டு, நேரா ஸ்டுடியோவுக்குப் போயி பல்லு தெரிய ஒரு போட்டோ எடுக்கணும். அம்மாவும் மகளும். அவதான் சொன்னா போட்டோவ. நான் சொல்லல. "உங்கிட்ட சிரிச்ச போட்டோவே இல்லலாம்மா"ன்னு அவதான் சொன்னா.

அதுக்கப்புறம் பட்ட பாடு இருக்கே, எதிரிக்குக் கூட வேண்டாம். மொத வாரம் ரசஞ்சாதத்தக் கூட கரைச்சுத்தான் குடிச்சோம். கன்னத்து உள்பக்கம் பூரா புண்ணு. கீரை தின்னா கிளிப்புல தோரணம் கட்டித் தொங்கும். அப்பளம் போச்சு, முறுக்கு போச்சு, கொய்யா போச்சு. கறி எடுத்தா எலும்பு அவருக்கு, குழம்பு எங்களுக்கு. என் தொழில் வேற பாருங்க, தைக்கவ நூல பல்லால கடிச்சுத்தான அறுப்பா? கை கத்திரியத் தேடாது, வாய்க்குத்தான் போவும். கடிச்சேன், ஒரு கிளிப்பு தெறிச்சு ஜாக்கெட் துணிக்குள்ள விழுந்துட்டு. அத ஊக்குன்னு நெனச்சு தைக்கப் போனேன், நல்ல வேளை பாத்துட்டேன். டாக்டரு திட்டுனாரு. மறுக்கா ஒட்டுனாரு. மறுக்கா கடிச்சேன்.

ஜனங்க வாயச் சும்மா வச்சிருக்குமா? "எக்கா, இந்த வயசுல யாருக்குக் காட்ட?"ன்னு ஜாக்கெட் தைக்க வந்தவ கேக்கா. எங்க வீட்டுக்காரருக்கு நான் ஒரு வேடிக்கை. "ஏட்டி, மழையில வெளிய நிக்காத, இடி எறங்கிரும். உனக்கு ஒரு எர்த் கம்பி போட்டு விடட்டுமா?" இதையே எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நான் எதையும் காதுல போட்டுக்கிடல. எம்பிள்ளயும் படுதால்லா, நானும் படுதேன், அம்புட்டுத்தான்.

அவ காலேஜுக்குப் போனா. கோயம்புத்தூர்ல நம்ம டாக்டரு கூடப் படிச்சவரு ஒருத்தரு இருக்காரு, அவரு பாத்துக்கிடுவாருன்னு ஏற்பாடு. அதுக்கப்புறந்தாம்மா ஒண்ணு நடந்துச்சு. தெனமும் போன். காலேஜ் விட்டதும் போன். இவ என்கிட்ட பேசுதவளே கிடையாது, பாத்துக்கிடுங்க. வீட்டுல இருக்கும்போதும் நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்லுவா, அப்புறம் கதவச் சாத்திக்கிடுவா. எல்லாம் அவுக அப்பாகிட்டதான். இப்ப என்னடான்னா "அம்மா, கம்பிய டைட் வச்சாங்க, தலையே வலிக்குது"ங்கா. "எனக்கும்தாட்டி, நேத்து தோசையக் கூட பிச்சுத்தான் முழுங்கினேன்"பேன். "கம்பி குத்துனா மெழுகு வை"ம்பா. "முறுக்க டீயில ஊற வச்சுப் பாரு, நல்லாருக்கு"ம்பேன். "அய்யய்ய"ன்னு சிரிப்பா. மறுநாள் கூப்பிட்டு "ஊற வச்சுத் தின்னேம்மா, நல்லாத்தான் இருக்கு"ம்பா. உப்புத்தண்ணி, புண்ணு, ரப்பரு, எந்தப் பக்கம் கடிச்ச, என்ன சாப்பிட்ட. அரை மணி நேரம் ஓடும். மிஷின நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். யாராவது அளவு குடுக்க வந்தா, செத்த இருங்கன்னு கையக் காட்டுவேன்.

எனக்கு வலிச்சுதா? வலிச்சுது. ஆனா அந்தப் போன் வர்ற நேரத்துக்காக வலிச்சாலும் பரவால்லன்னு இருந்துச்சு. வெக்கமில்லாமச் சொல்லுதேன்.

போன தீபாவளிக்கு வந்தா. கம்பியோடதான் வந்தா. "அம்மா, போதும்மா, கழட்டிருதேனே"ன்னா. காலேஜுல கேலி பண்ணுதாளுவளாம், பேச்சுப் போட்டில சேர முடியலயாம், ச-ன்னு சொல்ல வரலயாம், எச்சி தெறிக்காம். அழக்கூடச் செஞ்சா. நான் விடல. "இம்புட்டு நாள் இருந்துட்டு இப்ப என்ன, நான் இல்லையா, நான் ஒரு வார்த்த சொன்னேனா?"ன்னேன். கண்ணத் தொடச்சிட்டு கம்பியோடயே பஸ் ஏறினா. ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்.

பொங்கலுக்கு வரல. பரிச்சைன்னா. சரி, அவ இல்லாமப் பொங்கலா, அவ கடிக்க முடியாத கரும்பு நமக்கு எதுக்குன்னு சொல்லி கரும்பே வாங்கல நான். எங்க வீட்டுக்காரருக்குக் கரும்புன்னா உசுரு. "கரும்பு இல்லாம என்னட்டி பொங்கலு?"ன்னு முனங்கினாரு. "பிள்ள அங்கன வாயக் கட்டிட்டுக் கிடக்கா, உமக்குக் கரும்பு கேக்கோ?"ன்னு ஏசிட்டேன். மனுசன் பக்கத்து வீட்டுக்குப் போயி தின்னுட்டு வந்தாரு.

மறுநாள் அவ கூடத் தங்கியிருக்க பிள்ள, ரோஸ்லின்னு பேரு, அது வாட்சப்புல ஸ்டேட்டஸ் வச்சிருக்கு. அதோட நம்பரு ஒரு அவசரத்துக்குன்னு வாங்கி வச்சிருந்தேன். காலேஜுப் பொங்கலு. எல்லாம் சேலை கட்டிக்கிட்டு நிக்கிதுவ. நடுவுல யாரு? எம்மக. நான் தச்ச மாம்பழக் கலரு ஜாக்கெட்டு. கையில முழக் கரும்பு. கடைவாயில வச்சு பட்டைய உரிக்கா. வாய் இந்தா இம்புட்டுக்குத் தொறந்திருக்கு, கண்ணு மூடிக் கிடக்கு சிரிப்புல. பல்லுல ஒரு கம்பி இல்ல. ஒண்ணு இல்லம்மா. அந்தத் தெத்துப்பல்லு மறுபடியும் முன்னால எட்டிப் பாக்கு. விரலால பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். கம்பி இல்ல.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? போட்டோவுல அவ சிரிக்கா, இங்க நான் கரும்பு வாங்காம உக்காந்திருக்கேன். என் வாய்க்குள்ள கம்பி குத்துது. அழுகையா வந்துச்சு. எங்க வீட்டுக்காரருகிட்ட காட்டினேன். அவரு என்ன சொல்லணும்? "ஆமா, தீபாவளி முடிஞ்சு போனவுடனே கழட்டிட்டா"ங்காரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு! "உங்கிட்ட சொல்ல வேண்டாம்னா, உனக்குக் கஷ்டமா இருக்கும்னா"ங்காரு. கூட்டுக் களவாணிங்க. ஒரே வீட்டுல சோறு தின்னுட்டு. எனக்குத் தெரிஞ்சத அவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்.

அன்னைக்கிச் சாயங்காலம் போன் வந்துச்சு. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி, "ஏட்டி, கம்பி எப்படி இருக்கு?"ன்னேன். "இடது பக்கம் குத்துதும்மா, மெழுகு வச்சிருக்கேன்"ங்கா. மெழுகாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே நறுக் நறுக்குன்னு சத்தம். என்னட்டி சத்தம்னா, "லைன் சரியில்லம்மா"ங்கா. லைன்மேன் பொண்டாட்டிகிட்ட லைன் சரியில்லங்கா! என்னமோ தின்னுக்கிட்டு இருக்கா. கடலையோ முறுக்கோ. வீடியோவுல வாடின்னா நெட்டு இல்லம்பா.

அப்பவே கேக்க வேண்டியதுதானன்னு நீங்க நெனக்கலாம். நேருல வச்சுக் கேக்கணும்னு இருந்தேன். போன்ல கேட்டா வச்சிருவா. வச்சிட்டா அப்புறம் எங்க கூப்பிடப் போறா? இல்ல, அதுக்காக இல்ல. நேருல கேட்டாத்தான மூஞ்சியப் பாக்கலாம். அதான். அதுக்கப்புறமும் தெனமும் கூப்பிடுதா. தெனமும் வலிக்குங்கா. எனக்குப் புரியாதது அதுதாம்மா. கழட்டுனே, சரி. சொல்லாம இருந்தே, சரி. அதுக்கு மேல தெனமும் கூப்பிட்டு எதுக்கு வலிக்குன்னு சொல்லணும்? என்கிட்ட பேச வேற விசயமே இல்லாத மாதிரி! இல்லாத வலிய உக்காந்து யோசிச்சு யோசிச்சுச் சொல்லுதா. இன்னைக்கி மேல் பல்லு, நேத்து கீழ்ப் பல்லு. அம்புட்டு மெனக்கெட்டு ஒருத்தி பொய் சொல்லுவாளா? என்ன ஜென்மமோ.

நேத்தைக்கி ராவோட ராவா முடிவு பண்ணினேன். அவ கழட்டலாம்னா நான் கழட்டக் கூடாதா? இன்னைக்கிப் போயி, "கழட்டுங்க டாக்டர்"னேன். "இன்னும் கொஞ்ச மாசம் இருக்கும்மா, இப்பக் கழட்டினா பல்லு பழையபடி வெளிய வந்துரும்"ங்காரு. "வரட்டும்"னேன். "இம்புட்டு நாள் பொறுத்துட்டீங்களே"ன்னாரு. "யாருக்காகப் பொறுத்தேனோ அவளே கழட்டிட்டா, நான் யாருக்கு வச்சிருக்க?"ன்னேன். குறடு மாதிரி ஒண்ண வச்சு டக்கு டக்குன்னு எடுத்தாரு. கண்ணாடிய நீட்டினாரு. நான் பாக்கல. வெளிய வந்தேன். அந்த மிட்டாய்க் கடை முன்னால நின்னேன். ஸ்டுடியோ எதுத்தாப்புலதான் இருக்கு. ஒத்தையில போயி என்னத்தச் சிரிக்க? பஸ் ஏறிட்டேன். உக்காந்தா, பக்கத்துல நீங்க அதே மிட்டாயப் பிரிக்கீங்க.

இன்னைக்கிக் கேட்டுர வேண்டியதுதான். பங்குனி உத்தரம் வருதுலா. எங்க குலதெய்வம் சாஸ்தா, கோயிலு வள்ளியூர்ப் பக்கம். எந்த ஊர்ல இருந்தாலும் அன்னைக்கி வந்து சேரணும், பொங்க வைக்கணும், அது எங்க வழக்கம். சொல்லப் போறேன், "ஏட்டி, உத்தரத்துக்கு வா. வாயத் தொறந்துக்கிட்டு வா. நானும் தொறக்கேன். சாஸ்தா முன்னால வச்சு ரெண்டு பேரு பல்லையும் பாத்துக்கிடுவோம். அப்புறம் சொல்லு உன் வலிய"ன்னு சொல்லப் போறேன். நல்லாருக்கா? ரொம்பக் கடுசா இருக்கோ? இருக்கட்டும். அவளுக்கு உறைக்கணும்.

இந்தா, போன் அடிக்கி. அவதான். நீங்க பாருங்க, எப்படிக் கேக்கேன்னு.

ஹலோ... சொல்லுட்டி... ஆமா, பஸ்ல வாறேன்... கோவில்பட்டிக்குத்தான் போயிட்டு வாறேன்... டாக்டரு என்ன சொன்னாரா?... ம்... ஏட்டி நிவி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்... ஒண்ணுமில்ல... சாப்பிட்டியான்னுதான்... எனக்கா? டைட் வச்சிருக்காரு. ஆமா, இன்னைக்கிதான். வலிக்கு. பல்லு பூரா வலிக்குட்டி. தண்ணி பட்டாக்கூட கூசுது... உனக்கு?... அப்படியா... இடது பக்கமா?... மெழுகு வச்சியா?... உப்புத்தண்ணியில கொப்பளி... எப்பக் கழட்டுவாங்களா? இன்னும் நாளாகுமாம்... உனக்கும் அப்படித்தான் சொல்லிருக்காங்களா?... சரி... சரிட்டி, சேந்தே கழட்டிருவோம்... ஆமா, ஸ்டுடியோவுக்குப் போவோம், மறப்பேனா?... உத்தரத்துக்கு வாறியா?... வேலையா?... அப்பாட்ட சொல்லிட்டியா... சரி, சரி, அலைய வேண்டாம். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். உடம்பப் பாத்துக்கோ... இரு, வச்சிராத, டிக்கெட் கேக்காரு, ஒரு நிமிசம் இரு.

என்னம்மா அப்படிப் பாக்கீங்க? போனக் கையால பொத்திக்கிட்டுத்தான் பேசுதேன். டிக்கெட்டுலாம் கேக்கல, சும்மா சொன்னேன். லைன்லதான் இருக்கா. இன்னும் பேசுவா. மிக்சர் திங்கா, எனக்குக் கேக்கு. நீங்க இந்த மிட்டாயக் கொஞ்சம் சத்தமில்லாமத் தின்னுங்க. நானும் இத வாயில போட்டு ஊற வச்சுக்கிடுதேன். கடிச்சா அவளுக்குக் கேட்டுரும்.